பெயர் பிழைத்த கதை

வேப்பனப்பள்ளிக்குப் பெயர் மாறுவது புதிதல்ல. எல்லையோரத்து ஊர், கன்னடத்தில் 'பள்ளி' என்பது 'ஹள்ளி' ஆகிவிடும். சட்டமன்றத் தொகுதியை வேப்பனஹள்ளி என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் ஊருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

குறை வந்தது என் சித்தப்பாவுக்குத்தான். அவருடைய நிலப் பத்திரத்தையும் பங்காளியின் பத்திரத்தையும் நகலெடுத்து, தமிழிலே பெயரிட்டு, ஓர் இணையத்தளத்தில் போட்டு வைத்திருந்தேன். வங்கிக் கடனுக்காகத் திரும்ப இறக்கியபோது இரண்டுமே சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக முழ நீளப் பெயரோடு வந்து விழுந்தன. அவசரத்தில் பங்காளியின் பத்திரத்தை அனுப்பிவிட்டேன்.

"ஏம்ப்பா, என் நிலத்தை அவனுக்கே எழுதிக் குடுத்துட்டியா?" என்றார் சித்தப்பா. சிரித்துக்கொண்டுதான் கேட்டார், எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு விசாரித்தேன். கோப்பை அனுப்பும் கணினி, உறைமேல் விலாசம் எழுதுவதுபோல், பெயரையும் ஒரு தலைப்புக் குறிப்பில் எழுதி அனுப்புகிறதாம். தமிழ்ப் பெயரானால் அது எந்தக் குறியீட்டு முறை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2011-இல் இதற்கு விதியே வகுத்துவிட்டார்கள். அதைப் பின்பற்றாவிட்டால் சில உலாவிகளில் 'அ' என்னும் ஓரெழுத்தே ஒன்பது குறிகளாக நின்று விழிக்கும். பெயரே எழுதாவிட்டாலோ, உலாவி பெரும்பாலும் முகவரியின் கடைசித் துண்டைப் பெயராக்கிக்கொள்ளும்.

பிழை அந்தத் தளத்தினுடையதுதான். ஆனால் திறந்து பாராமல் அனுப்பியது யார்? இப்போது ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமிப்பது என்று கேட்கும்படி உலாவியை அமைத்திருக்கிறேன். கேட்டதும் பெயரைத் திருத்துகிறேன்; அனுப்புமுன் திறந்தும் பார்க்கிறேன்.

முதலில் திருத்திய பெயர், சித்தப்பாவினுடையது.