ஒயில் பட்ட கையும் ளுஹர் தொழுகையும்

கராஜ்களில் தொழில் செய்யும் நமது இளைஞர்களில் சிலர் ளுஹரையும் அஸரையும் இரவில் வீட்டுக்குப் போய்க் களாச் செய்கிறார்கள். காரணம் கேட்டால், "உடுப்பெல்லாம் ஒயில், கையெல்லாம் கறுப்பு. எப்படி ஹஸரத் தொழுவது?" என்பார்கள். பழைய பிக்கப் ஒன்றுக்கு ஒயில் சம்ப் கெஸ்கட் மாற்றிக்கொண்டிருந்த தம்பி ஒருவரும் என்னிடம் இதையே சொன்னார். அவருடைய வேலையிலேயே அதற்குப் பதில் இருந்தது.

எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும் தட்டுத்தான் சம்ப். அது எஞ்சினோடு பொருந்தும் இடத்தில் கசியாதிருக்க வைப்பது கெஸ்கட். பழைய வாகனங்கள் பலவற்றில் அது தக்கையால் ஆனது. சூட்டில் கிடந்து காய்ந்து சுருங்கிச் சொட்டத் தொடங்கும். மேலே டெப்பட் கவரில் கசியும் ஒயிலும் வடிந்து சம்பின் விளிம்பில்தான் சொட்டும். ஆகவே தம்பி முதலில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து நிச்சயித்துக்கொண்டார். ஜெக்கை மட்டும் நம்பாமல் ஸ்டான்ட் வைத்து, ஒயிலை வடித்து, போல்ட்களைக் கழற்றிச் சம்பை இறக்கினார்.

அதன் பிறகுதான் நேரம் போயிற்று. பழைய கெஸ்கட் இரும்போடு ஒட்டிப் பாறையாகியிருந்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல் சுரண்டினார். முன்பு யாரோ போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதால் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்திருந்தது. அதையும் மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சமப்படுத்தினார். சுரண்டிய இடத்தில் கறுப்புத் தெரிகிறதே என்றேன். "அது வெறும் நிறம் ஹஸரத். கையால் தடவினால் தடிப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

வுழூவின் சட்டமும் இதுதான். நமது அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் பத்ஹுல் முஈன், மெழுகு, உறைந்த கொழுப்பு போன்றவை உறுப்பில் படிந்து தண்ணீரைத் தடுத்தால் அவற்றை நீக்க வேண்டும் என்கிறது. ஓடும் எண்ணெய் தடையல்ல, அதன்மேல் தண்ணீர் நில்லாது வழிந்தாலும் சரியே. மையின் நிறமும் மருதோன்றியின் நிறமும் தடையல்ல. ஆகவே கையில் பட்ட எஞ்சின் ஒயிலோ ரேகைகளில் ஊறிய கறுப்போ வுழூவைக் கெடுக்காது. கட்டியான கிரீஸையும், சம்பின் மூலைகளில் பூசும் சிலிக்கன் விரலில் காய்ந்திருந்தால் அதையும் உரித்தெடுக்க வேண்டும். நகக்கண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உடுப்பில் பட்ட ஒயில் அழுக்குத்தான், நஜீஸ் அல்ல. மாற்றுடுப்பு இருந்தால் நல்லது. இல்லையென்பதற்காகத் தொழுகையை விட அனுமதி இல்லை.

தம்பி புதிய கெஸ்கட்டை வைத்துப் போல்ட்களை விரலாலேயே முடுக்கி, நடுவிலிருந்து இரு பக்கமும் சிறிது சிறிதாக இறுக்கினார். தக்கையை நசுக்கினால் அது பிளந்துவிடுமாம். இனிச் சிலிக்கன் காயும் வரை ஒயில் ஊற்ற முடியாது. ளுஹருக்கு அந்த நேரம் தாராளம்.

கராஜ் முதலாளிமார் குழாயடியில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் ஒரு பழைய பல் தூரிகையும், ஆணியில் இரண்டு சுத்தமான சாரன்களும் வைத்துக்கொடுத்தால் பெரிய உதவியாயிருக்கும்.