சான்யாவில் ஒரு லயம்

பூனாகலைத் தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் இல்லறம் தொடங்கியவர்கள் நாங்கள். பல்லாண்டுச் சேமிப்போடு டோக்கியோ மாநகரைக் காணச் சென்றபோது, எங்கள் கைப்பொருளுக்கு ஏற்ற விடுதி சான்யாப் பகுதியில்தான் கிடைத்தது. மூன்று பாய் விரித்தால் நிறைந்துவிடும் அறை.

“இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?” என்று சிரித்தாள் துணைவி.

1964 ஒலிம்பிக் விழாவுக்காக அம்மாநகரைக் கட்டியெழுப்பிய தினக்கூலிகள் தங்கியிருந்த பகுதி அது. 1966-இல் சான்யா என்னும் பெயரே முகவரிகளினின்றும் நீக்கப்பட்டது. பகலில் 333 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ கோபுரத்தைச் செலவின்றிக் கீழே நின்றே அண்ணாந்து பார்த்தோம். இரவில் அத்தொழிலாளரின் தெருவுக்கே திரும்பினோம்.

எங்கள் ஊவா மலைகளுக்கு வரும் பயணிகளும் தேயிலையின் பசுமையைப் படமெடுக்கிறார்கள், லயத்தைக் காண்பதில்லை. ஊர் பார்ப்பதென்பது, அதை ஆக்கியவர்கள் படுத்துறங்கும் இடத்தையும் பார்ப்பதன்றோ?