பேண்டு செட் வந்தாச்சு, மாஸ்டர்?

மண்ணூரைச் சுற்றிக் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். அதில் ஒரு பள்ளிக்கு டிரம் செட் வாங்கித் தருவது பெரிய விஷயமே இல்லை. ஆனால் பேண்டு என்பது பொருள் அல்ல, அதைக் கற்றுத்தரும் மாஸ்டரின் வருடங்கள். பேண்டில் ஊதும் பியூகிளில் அழுத்த வால்வே கிடையாது; உதட்டு இறுக்கத்தாலும் மூச்சாலும்தான் சுரம் மாறும். அது பிள்ளைக்குப் பிடிபடும் நேரத்தில் பொதுத்தேர்வு வந்துவிடும். மாஸ்டர் மறுபடியும் புது உதடுகளோடு ஆரம்பிப்பார். இப்படி வருடக்கணக்காக ஆரம்பிக்கிறவருக்கு நாம் தருவது என்ன? 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இசை, ஓவியம், உடற்கல்வி கற்பிக்கப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டுப் பல வருடம் போராடினார்கள்.

"கணக்கே வராத பிள்ளைக்கு டிரம் எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய டிரம்மின் அடியில் அத்தனை பேரின் இடது காலும் ஒன்றாக விழ, ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்டாக வேண்டும். எந்தப் பாடவேளையில் இது நடக்கிறது? ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியாளைப் பிடித்தால் ஒரு மெட்டு தேறும், அவ்வளவுதான். அடுத்த செட் வாங்கும் காசில், இருக்கிற மாஸ்டருக்குச் சம்பளம் போடலாம்.