மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்

காரைக்காலில் மலை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், திருமலைராயன்பட்டினத்தின் பெயரில் இருக்கிறது என்று சொல்லலாம். அதை விட்டால் வேறு மலை கிடையாது. மேற்கே அம்பகரத்தூரில் ஆரம்பித்து கிழக்கே கடற்கரை வரைக்கும் தோசைக்கல் மாதிரி தட்டை. இந்த ஊரில் ஒருத்தன் 21 கியர் வைத்த மலை சைக்கிள் வாங்கினால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள்.

வாங்கியவன் பெயர் வேண்டாம். பி.காம். வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு கோடை விடுமுறை ஒரு ஹார்டுவேர் கடையில் டாலி போட்டுச் சேர்த்த காசு. பாண்டிச்சேரியில் போய் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தான். தேய்மானம் போக மதிப்பு என்ன என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்கினானாம். தேய்மானம் வாங்கின பிறகுதான் ஆரம்பித்தது என்பது வேறு கதை. கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் கடல் மணலில் நாலு தரம் ஓட்டினான், செயின் செம்பருத்திப் பூ நிறத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒன்று. மலை இல்லையே தவிர, இந்த ஊரில் மண் பாதைக்குக் குறைவில்லை. மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் கடைசிப் பிள்ளைகள் எல்லாம் வந்து கடலில் விழுகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் இரண்டு கரை. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து வரப்பு. போகப் போக சக்கரத்துக்குக் கீழே தமிழ்நாடா புதுவை மாநிலமா என்பதே தெரியாது. சாராயக்கடை போர்டு வந்தால் மாநிலம் மாறிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கோடையில் இந்தக் களிமண் வெடித்து, சக்கரம் மாட்டிக்கொள்கிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். மழையில் அதே மண் சப்பாத்தி மாவு. டயரில் ஒட்டி, பிரேக்கில் அடைத்து, நூறு அடியில் சைக்கிள் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில், ஆறு கொஞ்சமாக ஓடி, கரை லேசாக ஈரப்பட்டிருக்கும் ஒரு பருவம் உண்டு. அப்போது ஓட்டினால் வெண்ணெயில் போகிற மாதிரி இருக்கும் என்பான். அந்தப் பருவத்தில்தான் வம்பும் வந்தது.

அவனுக்கு இருந்த ஒரே குறை, கூட ஓட்ட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட், கூலிங்கிளாஸ் சகிதம் சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் போவதைப் பார்த்திருக்கிறான். எல்லாம் மெல்லிசு டயர், தார் ரோட்டு ஆட்கள். ஒரு தலையசைப்பு, பத்து செகண்டில் சிநேகம் முடிந்துவிடும். மண்ணில் இறங்குகிற ஆள் ஒருத்தர்கூடக் கண்ணில் படவில்லை.

2023 செப்டம்பர் ஆரம்பத்தில் நெடுங்காடு பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் அந்தத் தடத்தைப் பார்த்தான். முள்ளு டயரின் தடம். கெட்டியான ரப்பர்க் கட்டிகள் பதிந்த, சந்தேகமே இல்லாத மலை சைக்கிள் தடம். அவனுடைய டயர் அம்புக்குறி மாதிரி பதியும். இது சதுரம் சதுரமாக இருந்தது. ஆக, இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொருத்தன் இருக்கிறான்!

அப்புறம் ஷெர்லாக் ஹோம்ஸ் வேலைதான். காலை ஆறு மணிக்குப் போனால் தடம் அவனுக்கு முன்னால் போயிருக்கும். ஐந்தரைக்குப் போனாலும் முன்னால் போயிருக்கும். சாயங்காலம் திரும்பி வந்த தடம் இருக்கும். யாராக இருக்கும்? திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் படிக்கிற வட இந்தியப் பையனா? விவசாயக் கல்லூரி மாணவனா? ஹெல்மெட், கையுறை, முதுகில் தண்ணீர்ப் பை என்று மனசுக்குள் படமே வரைந்து வைத்துவிட்டான். ஓட்டுகிறவன் இறங்கிய இடங்களில் செருப்பில்லாத கால் தடம் இருந்தது. அதையும் பார்த்தான். பார்த்தானே தவிர யோசிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் வரலாறு. மலை சைக்கிள் என்ற சமாசாரம் யாரோ பெரிய கம்பெனி ஆராய்ச்சி செய்து கொண்டுவந்தது இல்லை. எழுபதுகளில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் தங்கள் அப்பா காலத்து, கனமான, குண்டு டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலை மண் பாதையில் உருட்டிவிட்டார்கள். 1976 அக்டோபர் 21-ல் அங்கே முதல் பந்தயம். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கரத்து பிரேக்கில் இருந்த கிரீஸ் முழுக்க எரிந்து புகைந்துவிடுமாம். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். 1979-ல் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி இருவரும் 'மவுண்டன்பைக்ஸ்' என்று ஒரு சின்னக் கம்பெனி வைத்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் அது விளையாட்டாகவே சேர்ந்துவிட்டது. ஆரம்பம் என்னவோ பழைய இரும்பு சைக்கிளும் மண் பாதையும்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் விடிகாலை. வாய்க்கால் திரும்புகிற இடத்தில் மதகுச் சுவரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயசு இருக்கும். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய கைலி, தலையில் துண்டு. பக்கத்தில் சிவப்பு சைக்கிள். குண்டு டயர், சதுரம் சதுரமாக முள்ளு, கியர், எல்லாம் இருந்தது. நடுக்கம்பியில் பழைய டியூபைக் கிழித்து மண்வெட்டியைக் கட்டியிருந்தார். ஹேண்டில்பாரில் தூக்குவாளி.

இவனுக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அப்புறம் பல்லெல்லாம் தெரிய, "ஐயா, இது உங்க சைக்கிளா?" என்றான்.

பெரியவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. இவனுடைய முன் டயரைப் பார்த்தார். அம்புக்குறி.

"நீதானா அது?" என்றார்.

விஷயம் இதுதான். இவன் அவர் தடத்தைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் இவன் தடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சிநேகத்துக்காக இல்லை. கரையிலிருந்து ரோட்டுக்குப் போகக் குறுக்கு வழி என்று இவன் அவருடைய நாற்றங்கால் வரப்பின் மேல் இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்கியிருக்கிறான். ஈர வரப்பு. டயர் பதிந்த இடம் பள்ளமாகி, பள்ளம் கசிவாகி, ஒரு ராத்திரி உடைப்பாகி, தேக்கி வைத்த தண்ணீர் முழுக்க வடிகாலுக்குப் போய்விட்டது.

"நண்டு வளைன்னு நெனச்சு மூணு நாளு நண்டத் திட்டிக்கிட்டிருந்தேன். நாலாம் நாளு பாத்தா நண்டு டயர் போட்டுக்கிட்டுல்ல வந்திருக்கு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

வேறு ஊராக இருந்தால் இது சின்ன விஷயம். மடையைத் திறந்தால் தண்ணீர் மறுபடி வந்துவிடும். காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர், வழியில் இருக்கிற எல்லா வயலும் குடித்தது போக மிச்சம் இங்கே வரும். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கியது 7 டி.எம்.சி. 2018-ல் உச்ச நீதிமன்றம் மற்ற கணக்குகளில் கை வைத்தபோதும் இந்த ஏழை ஏழாகவே விட்டது. அந்த ஏழும் இந்த ஊருக்காகத்தான். பேரேட்டில் வரவு வைத்தாயிற்று, கையில் ரொக்கம் வருகிறதா என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் கேள்வி. 2023-ல் ஜூன் 12-ம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். மழை பொய்த்து, அணை வற்றி, அக்டோபர் 10-ம் தேதியே மூடிவிட்டார்கள். இவன் உடைத்தது அந்த வருஷத்துத் தண்ணீரை.

பையன் ஏதோ மன்னிப்பு மாதிரி முணுமுணுத்திருக்கிறான். பெரியவர் டியூபை அவிழ்த்து மண்வெட்டியை நீட்டினார். "பேசுனா அடையாது. மண்ண வெட்டிப் போடு."

உடைப்பைத் தற்காலிகமாக அடைத்து வைத்திருந்தாரே தவிர, வரப்பு முழுக்கப் பலவீனமாக இருந்தது. வயலின் உள்பக்கத்திலிருந்து சேற்றை வெட்டி, வரப்பின் மேல் அப்பி, குதிகாலால் மிதித்து, மண்வெட்டியின் முதுகால் மெழுக வேண்டும். டாலி போட்ட கை. அரை மணியில் கொப்புளம். பெரியவர் மதகில் உட்கார்ந்தபடியே "அங்க இன்னும் ரெண்டு போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடுமை என்னவென்றால், மலை சைக்கிள்காரர்களுக்கு இதற்கு ஒரு விதியே இருக்கிறது. அமெரிக்காவில் 1988-ல் ஆரம்பித்த சர்வதேச மலை சைக்கிள் சங்கம் எழுதி வைத்த விதிகளில், ஈரமான பாதை சீக்கிரம் கெட்டுப்போகும், அப்போது வேறு வழி பார் என்பதும் ஒன்று. இவன் இன்டர்நெட்டில் படித்திருக்கிறான். ஏதோ காட்டுப் பாதையின் அழகுக்காகச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று தாண்டிப் போயிருக்கிறான்.

வேலை முடிந்து கிளம்பினால் பின் டயர் சப்பை. சீமைக்கருவேல முள். டீக்கடைப் பக்கத்து சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். பங்ச்சர் ஒட்டிவிட்டார், ஆனால் காற்றடிக்க முடியவில்லை. இவன் சைக்கிளில் இருப்பது ஊசி மாதிரி மெல்லிசான பிரெஸ்டா வால்வு. கடைப் பம்பு அதில் உட்காரவே இல்லை. பிரெஸ்டாவுக்கு இன்னொரு பெயர் பிரெஞ்சு வால்வு! 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் ஒரு பிரெஞ்சு வால்வுக்குக் காற்றடிக்க வழியில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். எதிர் வீட்டு வைக்கோல் போரிலிருந்து இரண்டு கை உருவிக்கொண்டு வந்தார். டியூபை வெளியே எடுக்கச் சொல்லி, டயருக்குள் வைக்கோலைத் திரித்துத் திரித்துத் திணித்தார். "மெதுவா போ, வூடு போய்ச் சேந்துடும்" என்றார். போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டில் காட்டில் மாட்டிக்கொண்ட மலை சைக்கிள்காரர்களும் கடைசி உபாயமாக டயரில் புல்லை அடைப்பது உண்டு என்று அப்புறம்தான் இவன் தெரிந்துகொண்டான். பெரியவருக்கு அது விதை நெல் மூட்டையோடு பாதி வழியில் நின்ற காலத்துப் பழக்கம்.

அந்தச் சிவப்பு சைக்கிள் அவர் மகனுடையது. வாங்கி ஒரு வருஷம் ஓட்டிவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். சும்மா கிடக்கிறதே என்று இவர் எடுத்துக்கொண்டார். பழைய ஹெர்குலிஸ் முப்பது வருஷம் உழைத்து, கம்பி இற்றுப்போய் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. (அதே ஹெர்குலிஸ் பெயரில்தான் பின்னால் 'எம்.டி.பி.' என்று எழுதிய சைக்கிளும் வந்தது. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு அதுதான் கனவு.) பெரியவருக்கு இன்னும் பழையதன் மேல்தான் பாசம். "அது பெரிய சக்கரம் தம்பி. வரப்புல தடுக்காது. இது குள்ளச் சக்கரம், ஒவ்வொரு கட்டிக்கும் குதிக்குது."

இது ஏதோ கிழவர் புலம்பல் என்று நினைத்தால் தப்பு. மலை சைக்கிளுக்கு ரொம்ப காலம் 26 அங்குலச் சக்கரம்தான். அதன் ரிம் அளவு 559 மில்லிமீட்டர். பெரிய சக்கரமாக இருந்தால் கல்லையும் குழியையும் சுலபமாக ஏறிக் கடக்கும் என்று சொல்லி 2000-களில் '29 இஞ்ச்' என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். ரிம் 622. பெரியவர் இரும்புக்குப் போட்ட பழைய 28 அங்குல சைக்கிளின் ரிம் 635!

அந்த வயல் அந்த வருஷம் விளைந்தது, கம்மியாக. எத்தனை மூட்டை என்று அவர் சொல்லவில்லை. கணக்கு படிக்கிற பையன், அவனும் கேட்கவில்லை.

இப்போதும் இரண்டு பேரும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்தக் கரையில் பார்த்துக்கொள்கிறார்கள். சேர்ந்து ஓட்டுகிறார்கள் என்று சொல்ல முடியாது. அவர் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறார், இவன் சும்மா போகிறான். வரப்பு ஈரமாக இருக்கிற இடத்தில் ஒரு நொச்சிக் கொத்தை ஒடித்து நட்டு வைத்திருப்பார். அதைப் பார்த்தால் இவன் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பான்.

சிவப்பு சைக்கிளின் கியர் துருப்பிடித்து ஒரே பல்லில் மாட்டிக் கிடந்தது, இருப்பதிலேயே கனமான பல். ஒரு நாள் இவன் ஆலன் கீ, எண்ணெய் எல்லாம் கொண்டுபோய் 21 கியரும் விழுகிற மாதிரி சரி பண்ணிக் கொடுத்தான். இனி கரை மேட்டில் இறங்கித் தள்ள வேண்டாம், லேசாக ஏறிவிடலாம் என்று மாற்றவும் சொல்லிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பெரியவர் பழைய பல்லிலேயே மிதித்துக்கொண்டு வருகிறார்.

"என்னங்க ஐயா, மறுபடி மாட்டிக்கிச்சா?"

"இல்ல தம்பி, நாந்தான் மாத்திட்டேன். அதுல காலு சும்மா சுத்துது. வேல செஞ்ச மாதிரியே இல்ல."