கூண்டு ஏறும் கரை
வடசென்னைக் கடலோரப் பயணம்: டோல்கேட்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தண்டையார்பேட்டை முடிந்து திருவொற்றியூர் தொடங்கும் எல்லையில் உள்ள டோல்கேட், வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இத்தொடரின் பயணத்தில் அடுத்த நிறுத்தமாகும். 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ பாதை இங்கே தரைக்கு மேல் தூண்களின்மீது செல்கிறது. கிழக்கே கடல் நடந்து செல்லும் தொலைவிலும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கு அப்பால் மணலியின் தொழிற்சாலைகளும் இருப்பதால், மழைக்காலப் புயல் ஒன்று வரும்போது இவ்வூரை மூன்று திசைகளிலிருந்து ஆபத்து நெருங்குகிறது என்பதை இந்த அமைப்பே விளக்கிவிடுகிறது. கடலிலிருந்து அலையும், வடமேற்கிலிருந்து ஆற்றுநீரும், ஆலைகளிலிருந்து கழிவும் ஒரே வாரத்தில் வந்து சேரக்கூடிய நிலப்பரப்பு இது. டோல்கேட்டை மையமாகக் கொண்டு, ராயபுரம் முதல் எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் இப்பகுதிப் பயணம், இந்த ஆபத்துகளை எதிர்கொள்ள இங்கே என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன, எவை இன்னும் இல்லை என்பதைப் பார்க்க முனைகிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மழைக்காலப் புயல் என்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வங்கக் கடலில் உருவாகி வரும் சூறைக்காற்றையும் பெருமழையையும் குறிக்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே என்பதால், புயலைத் தரும் பருவமும் நகருக்குக் குடிநீர் தரும் பருவமும் ஒன்றாகவே இருக்கின்றன. கடலில் தோன்றும் தாழ்வுநிலையை இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தைக் கொண்டு வகைப்படுத்துகிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் அது தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐ எட்டினால் புயல், 89ஐ எட்டினால் தீவிரப் புயல் எனப்படும். புயல் என்ற நிலையை எட்டிய பிறகே அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது.

இந்த அறிவிப்புகள் கரையில் கண்ணுக்குத் தெரியும் வடிவம் பெறும் இடம் துறைமுகமாகும். சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டிடத்தின் உச்சியில் உள்ள டாப்ளர் ரேடார், அதாவது மேகத்திலுள்ள நீர்த்துளிகள்மீது அலைகளைச் செலுத்தி, அவை திரும்பிவரும் விதத்தைக் கொண்டு மழையின் அளவையும் காற்றின் வேகத்தையும் கணிக்கும் கருவி, கரையை நெருங்கும் புயலைத் தொடர்ந்து கண்காணிக்கிறது. செய்திகளில் அடிக்கடி கேட்கப்படும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்பது பகலில் கூம்பு, உருளை வடிவங்களாலும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் கப்பல்களுக்குக் காட்டப்படும் குறியாகும். 1, 2 ஆகிய எண்கள் தொலைவில் கடலில் உள்ள ஆபத்தையும், 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கே வரக்கூடிய ஆபத்தையும் உணர்த்துகின்றன. 5, 6, 7 ஆகியவை புயல் வருவது உறுதியானபின் ஏற்றப்படுபவை. துறைமுகம் புயல் பாதையின் இடப்புறத்தில் அமையுமெனில் 5, வலப்புறத்தில் அமையுமெனில் 6, புயல் துறைமுகத்தின்மீதோ மிக அருகிலோ கடக்குமெனில் 7 என்பது முறை. இதே மூன்று நிலைகளும் தீவிரப் புயலுக்கு 8, 9, 10 என்ற எண்களைப் பெறுகின்றன. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அற்றுப்போனால் 11ஆம் எண் ஏற்றப்படும்.

இடம், வலம் என்ற இந்தப் பிரிவுக்குக் காரணம் காற்றின் சுழற்சியில் உள்ளது. பூமியின் வடகோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், மேற்கு நோக்கிக் கரையேறும் புயலின் வலப்புறத்தில், அதாவது வடக்கில் உள்ள ஊர்களின்மீது காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசிக் கடல்நீரைக் கரைக்குள் தள்ளுகிறது. இடப்புறத்து ஊர்களில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஆகவே மாமல்லபுரம் அருகே கரை கடக்கும் புயல் வடசென்னைக்கு அலையைக் கொண்டுவருகிறது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி அங்கே கரை கடந்த ‘மாண்டஸ்’ புயலின்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதிச் சேதமடைந்தன. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையை ஒட்டியே கரை கடந்த ‘வர்தா’ புயலில், அதன் மையமான ‘கண்’ பகுதி கடந்தபோது காற்று சற்று ஓய்ந்து, பின்பு எதிர்த்திசையிலிருந்து மீண்டும் சீறியது. முதல் சுற்றில் சாய்ந்து நின்ற மரங்களை இரண்டாம் சுற்று வேரோடு பெயர்த்தது. காற்று ஓய்ந்துவிட்டதென எண்ணி இடையில் வெளியே வருவது உயிருக்கே ஆபத்தாகும் என்று பேரிடர் மேலாண்மைத் துறை ஒவ்வொரு முறையும் வலியுறுத்துவது இதனாலேயே.

கூண்டின் எண் உயரும்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும் வேலை, இக்கரையின் நீண்டகாலப் பழக்கத்திலிருந்து உருவான ஒழுங்கு உடையது. கடலில் உள்ளவர்களுக்கு மீன்வளத் துறையும் சங்கங்களும் வயர்லெஸ் வழியாகத் தகவல் அனுப்புகின்றன. விசைப்படகுகள் நெருக்கமாக வரிசைகட்டி நிறுத்தப்பட்டு, முன்னும் பின்னும் இரட்டைக் கயிறுகளால் பிணைக்கப்படுகின்றன. பக்கப் பலகைகள் உரசாமலிருக்கப் பழைய லாரி டயர்கள் இடையில் தொங்கவிடப்படுகின்றன. கயிற்றை விறைப்பாகக் கட்டினால் நீர்மட்டம் ஏறும்போது அது அறுந்துவிடும், தளர்வாக விட்டால் படகு அலைந்து பக்கத்துப் படகை உடைக்கும் என்பதால், எவ்வளவு நீளம் விடுவது என்பதை அனுபவசாலிகளே முடிவு செய்கிறார்கள். குப்பங்களில் ஃபைபர் படகுகளின் இயந்திரங்கள் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட, வலைகள் சுருட்டப்பட்டுப் படகுகள் மேட்டுக்கு இழுக்கப்படுகின்றன. பெரிய கப்பல்களுக்கோ இதற்கு நேர்மாறான விதி பொருந்துகிறது. கரைச்சுவரில் மோதி உடைவதைத் தவிர்க்க அவை துறைமுகத்தை விட்டு ஆழ்கடலுக்கு அனுப்பப்படுகின்றன. 2012 அக்டோபர் 31 அன்று ‘நீலம்’ புயலில் ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிலைகொள்ளாமல் பெசன்ட் நகர் கரையில் தரைதட்டியதும், உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் உயிரிழந்ததும் அந்த விதியின் மறுபக்கத்தைக் காட்டின.

காசிமேட்டைக் கடந்து எண்ணூர் விரைவுச் சாலையில் செல்பவர் வலப்பக்கத்தில் மணற்பரப்பைவிடக் கருங்கல் குவியலையே மிகுதியாகக் காண்கிறார். இதன் காரணமும் ஒரு பழைய புயலோடு தொடர்புடையது. 1870களின் நடுவில் தொடங்கப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பரில் வீசிய புயல் பெரிதும் சிதைத்தது; பின்னர் அவை மீண்டும் கட்டப்பட்டன. கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்தை நிர்வகித்த பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் வடகிழக்கு மூலைக்கு மாற்றப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் கரையோர மணலை இச்சுவர்கள் தடுத்ததால், தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. பல நூறு மீட்டர் நிலமும் அதிலிருந்த தெருக்களும் கடலுக்குள் போயின. கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டு மணலைத் தேக்கிவைக்கும் ‘தூண்டில் வளைவு’ எனப்படும் கல்லணைகள், இந்த அரிப்பைத் தடுக்கப் பின்னாளில் அமைக்கப்பட்டவை. அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் அகன்ற மணல்வெளி இல்லாத கரையில் ஒவ்வொரு புயலும் வீட்டு வாசலுக்கு மிக அருகே வந்துவிடுகிறது.

டோல்கேட்டிலிருந்து காலடிப்பேட்டை, தேரடி வழியாகத் திருவொற்றியூருக்குள் செல்லும் தெருக்களில் புயலுக்கான தயாரிப்பு வீடுதோறும் நடைபெறுகிறது. குடும்ப அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ் ஆகியவை பிளாஸ்டிக் உறைக்குள் கட்டப்பட்டுப் பரணில் வைக்கப்படுகின்றன. குடங்களும் டிரம்களும் நிரப்பப்படுகின்றன. மெழுகுவத்தி, பால் பவுடர், மருந்து ஆகியவை வாங்கிவைக்கப்படுகின்றன. கைப்பேசிகள் மின்சாரம் நிறுத்தப்படும் முன்பே முழுதாகச் சார்ஜ் செய்யப்படுகின்றன. மாநகராட்சியின் 1913 என்ற எண்ணும், மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் 1070 என்ற எண்ணும் இப்பருவத்தில் இரவுபகலாக இயங்குகின்றன. அரக்கோணத்தில் நிலைகொண்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் அணி, எச்சரிக்கை வந்ததும் கரையோர மாவட்டங்களுக்கு முன்கூட்டியே பிரித்து அனுப்பப்படுகிறது. காற்றைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடுகள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடப் பன்மடங்கு மேம்பட்டவை என்பதை மறுக்க முடியாது.

ஆனால் கூண்டு காற்றைப் பற்றியே பேசுகிறது, மழைநீரைப் பற்றிப் பேசுவதில்லை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த ‘மிக்ஜாம்’ புயல் சென்னையில் கரை கடக்கவே இல்லை. கடற்கரைக்கு இணையாக வடக்கு நோக்கி மெதுவாக நகர்ந்து, டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. கூண்டின் கணக்குப்படி சென்னை அப்புயலுக்கு இடப்புறத்தில், காற்றின் கடுமை குறைவாக இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது. எனினும் 3, 4 தேதிகளில் இடைவிடாது பெய்த மழையில் நகரின் பல இடங்களில் இரண்டு நாள்களில் 40 செ.மீ.க்கு மேல் பதிவாகி, வடசென்னையின் தாழ்வான தெருக்கள் பல நாள்கள் நீரில் கிடந்தன.

இந்நீர் போய்ச் சேர வேண்டிய இடம், இப்பயணத்தின் வட எல்லையான எண்ணூர் முகத்துவாரம். பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து திறக்கப்படும் உபரிநீரைச் சுமந்து வரும் கொசஸ்தலை ஆறு, மணலி புதுநகரையும் சடையங்குப்பத்தையும் ஒட்டி வந்து, பக்கிங்காம் கால்வாயோடு கலந்து இங்கேதான் கடலை அடைகிறது. ஆறும் கடலும் சேரும், கழிமுகம் எனப்படும் இந்த உவர்நீர்ப் பரப்பு, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தும், ஓரங்கள் தொழில் தேவைக்காக நிரப்பப்பட்டும், வாயில் மணல் தூர்ந்தும் ஆழம் குறைந்துவிட்டது. ஆற்றின் வாய் அடைபட்டிருக்க, கடலும் கொந்தளித்து உயர்ந்து நின்றால், மேலிருந்து வரும் வெள்ளம் பின்னோக்கி ஏறிக் குடியிருப்புகளுக்குள் புகுவதைத் தவிர வேறு வழியில்லை. மணலி புதுநகர் 2015லும் 2021லும் 2023லும் மூழ்கியதன் காரணம் இதுவே.

மிக்ஜாமின்போது அந்த வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தை அடைந்த அது காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் ஆகிய மீனவ ஊர்களின் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் அப்பிக்கொண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. நீரில் கழுத்தளவு இறங்கிக் கைகளால் இறால் தடவிப் பிடிக்கும் தொழிலாளர்களுக்கு அந்தக் கரிய படலம் நேராகத் தோலின்மீது படிந்தது. வீடுகளின் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரம் கறுப்புக் கோடாகப் பதிந்தது. எண்ணெயை அள்ளும் வேலையில் முதலில் இறங்கியவர்களும் மீனவர்களே. அவர்கள் கையில் இருந்தவை வாளியும் குவளையுமே. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர் கரையில் பயன்பட்டதும் இதே வாளிதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் இக்கரைக்கென நிரந்தரமான எண்ணெய் அகற்றும் ஏற்பாடு உருவாகவில்லை என்பதை அது காட்டியது. அதே 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத்திணறலோடு மக்கள் இருளில் வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. புயலுக்குப் பிந்தைய வாரங்களும் புயல் காலமே என்பதை ஒரே டிசம்பர் இருமுறை உணர்த்தியது.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. காற்றை முன்னறிந்து சொல்வதில் நாடு அடைந்திருக்கும் தேர்ச்சியை, நீரையும் நஞ்சையும் முன்னறிந்து தடுப்பதில் வடசென்னை இன்னும் காணவில்லை. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கொசஸ்தலை வடிநிலத்துக்கெனத் திட்டமிடப்பட்ட மழைநீர் வடிகால்கள் தேவையானவையே. எனினும் முகத்துவாரம் திறந்திராவிட்டால் அவை நீரை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு மாற்றுவதோடு நின்றுவிடும். ஆகவே ஆடி, ஆவணி மாதங்களிலேயே முகத்துவாரம் தூர்வாரப்பட வேண்டும். ஐப்பசிக்கு முன்பே ஒவ்வோர் ஆலையின் எண்ணெய்த் தொட்டிகளும் கழிவுநீர்க் குட்டைகளும் வெள்ளத்தைத் தாங்குமா என்பது சோதிக்கப்பட்டு, அதன் முடிவு அந்தந்தக் குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்திடம் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். மிதவைத் தடுப்புகளும் பாதுகாப்பு உடைகளும் முகத்துவாரத்திலேயே இருப்பில் வைக்கப்பட்டு, குழாய்களும் தொட்டிகளும் புயல் கடந்த மறுநாளே ஆய்வு செய்யப்பட வேண்டும். துறைமுகத்தில் ஏறும் கூண்டைப் போல, ஆற்றுநீருக்கும் ஆலை ஆபத்துக்கும் டோல்கேட் முதல் எண்ணூர் வரை எல்லோருக்கும் புரியும் எச்சரிக்கைமுறை ஒன்றை அரசு வகுக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் வரை இக்கரையின் மக்களும் அவர்களது சங்கங்களும் ஓயக்கூடாது.