ஓட்டு இல்லாதவர்களின் கணக்கு

2018 ஆகஸ்ட் 20. சுவீடன் பாராளுமன்றத்தின் முன் 15 வயது கிரெட்டா துன்பர்க் ஒரு பலகையோடு உட்கார்ந்தார். பொதுத்தேர்தலுக்கு இன்னும் மூன்றே வாரம். ஆனால் அவருக்கு ஓட்டு இல்லை. அங்கே வாக்களிக்கும் வயது 18.

கடன் வாங்குபவர் ஒருவர், வட்டி கட்டுபவர் இன்னொருவர் என்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? பருவநிலை விஷயத்தில் நடப்பது அதுதான்.

ஜெர்மனியில் சில இளைஞர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2030க்குப் பிந்தைய சுமையை அடுத்த தலைமுறையின் தலையில் கட்டுவது அவர்களுடைய சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று 2021-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. சட்டம் திருத்தப்பட்டது. கார்பன் சமநிலைக்கான இலக்கு 2050லிருந்து 2045க்கு வந்தது.

2024 ஐரோப்பிய பாராளுமன்றத் தேர்தலில் ஜெர்மனியின் 16 வயதினரும் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்கள். பசுமைக் கட்சிக்குத்தான் லாபம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்! 25 வயதுக்குட்பட்டவர்களிடம் அந்தக் கட்சிக்கு 2019-ல் இருந்த ஆதரவு பாதிக்கும் கீழே சரிந்தது. விலைவாசி, வாடகை, போர் என்று கவலைகள் அவர்களுக்கும் உண்டே...

அப்படியானால் ஓட்டு கொடுத்தது தப்பா? இல்லை. யாருக்கோ பிடித்த முடிவு வரவேண்டும் என்று கொடுப்பதல்ல ஓட்டுரிமை. பில் கட்டப் போகிறவர் கணக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.