இருபத்தாறு அடிக்கு ஒரு பிள்ளை

கொடிகாமம் சந்தை. காலை ஆறரை மணி. ஏ9 வீதியோரத்தில் தேங்காய்க் குவியல்கள். பலாப்பழ வாசனை. ஒருவர் தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்க்கிறார். வைக்கிறார். அடுத்ததை எடுக்கிறார்.

மூலையில் தென்னம்பிள்ளைகள். சாரத்தை மடித்துக் கட்டிய முதியவர் ஒவ்வொன்றின் கழுத்தையும் பெருவிரலால் அழுத்துகிறார். பத்தைத் தெரிந்து ஒதுக்குகிறார். விலையைக் கேட்கிறார். பேரம் பேசவில்லை.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் புறப்படுகிறது. பெட்டியில் பிள்ளைகள், பொச்சுமட்டை, அலவாங்கு, மண்வெட்டி, ஒரு பை உப்பு. மேலே அவருடைய மனைவி, மடியில் தேத்தண்ணிப் போத்தலோடு.

மிருசுவில். எழுதுமட்டுவாள். முகமாலை நெருங்க, தென்னைகள் குறைகின்றன. நிற்பவற்றில் சிலவற்றுக்குத் தலை இல்லை. ஒரு மொட்டை மரத்தின் பொந்திலிருந்து கிளி எட்டிப் பார்க்கிறது.

போர்க்காலத்தில், 2000 முதல் 2009 தொடக்கம் வரை, இரண்டு படைகளின் மண் அணைகள் இங்கே எதிரெதிரே நின்றன. நடுவில் இருந்தவை தென்னங்காணிகள். இரு தரப்பும் அவற்றில் மிதிவெடி புதைத்தன. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வட்டு. மேலே நாலு விரற்கடை மண்.

தூரத்தில், பற்றைகளுக்கு நடுவே, நீலக் கவச அங்கிகள். மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்டின் பணியாளர்கள். பலர் பெண்கள். ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே நீண்ட இடைவெளி.

ஒரு பெண் முழங்காலில் இருக்கிறாள். முகத்துக்கு முன் கண்ணாடிக் கவசம். கையில் நீளக் காம்பு போட்ட இரும்பு வாரி. மண்ணைச் சுரண்டுகிறாள். பின்னுக்கு இழுக்கிறாள். பார்க்கிறாள். மறுபடி சுரண்டுகிறாள். வெடியில் இருக்கும் உலோகம் மிகக் கொஞ்சம். மண்ணிலோ சன்னமும் செல் துண்டும் நிறைய. உலோகம் தேடும் கருவி எல்லாவற்றுக்கும் ஒலிக்கும். அதனால் வாரி.

ஒரு வேர் வருகிறது. ஒதுக்குகிறாள். துருப்பிடித்த சன்னம். வாளியில் போடுகிறாள். ஒரு குழந்தைச் செருப்பின் வார். அதைச் சிறிது நேரம் கையில் வைத்திருக்கிறாள். பிறகு அதுவும் வாளிக்குள்.

லாண்ட்மாஸ்டர் நிற்கிறது. முதியவரின் காணி. துப்புரவாக்கி ஒப்படைத்த பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. கிணற்றின் கட்டு பாதி இருக்கிறது. வீட்டின் அத்திவாரம் இருக்கிறது. வீடு இல்லை. மனைவி அத்திவாரத்தைச் சுற்றி நடக்கிறாள். ஓரிடத்தில் நின்று, “இது குசினி” என்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்குகிறார். கயிற்றைப் பிடித்து அளக்கிறார். மரத்துக்கு மரம் 26 அடி. தடி ஊன்றுகிறார். மறுபடி 26 அடி.

முதல் குழி. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மண்வெட்டி மேலே போகிறது. அங்கேயே நிற்கிறது. இறக்கிவிடுகிறார். குனிந்து கையால் மணலை விலக்குகிறார்.

பத்து மணி இடைவேளை. அங்கியைக் கழற்றிய இளம்பெண் ஒருத்தி தண்ணீர்ப் போத்தலோடு பாதையில் வருகிறாள். நெற்றியில் கவசப் பட்டியின் தடம்.

“பிள்ளை, இந்தப் பக்கம் நல்லாப் பாத்ததோ?”

“ஓமய்யா. நான்தான் பாத்தனான். பயப்பிடாமல் வெட்டுங்கோ.”

அவர் அவளைப் பார்க்கிறார். அவள் காலடியைப் பார்க்கிறார். அவள் அந்த மணலில்தான் நிற்கிறாள். மண்வெட்டி இறங்குகிறது.

மனைவி தேத்தண்ணி ஊற்றி முதல் குவளையை அவளிடம் நீட்டுகிறாள்.

குழிக்குள் பொச்சுமட்டை இரண்டு அடுக்கு. ஒரு பிடி உப்பு. பிள்ளை. மேல்மண். காலால் மிதித்து இறுக்குகிறார். முதலில் மெதுவாக. நாலாவது குழியில் சாதாரணமாக.

நல்ல விதைத்தென்னை காய்க்க ஆறேழு வருசம் செல்லும். அவருக்கு எழுபதுக்கு மேல். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். முழுவதும் அகற்றி முடிக்கக் கெடு 2028.

ஒன்பது பிள்ளைகள் நட்டாயிற்று. கயிறு மறுபடி நீளுகிறது. இருபது அடியில் சிவப்புத் தலைக் குச்சி ஒன்று. அதற்கு அப்பாலும் அவருடைய காணிதான். பற்றைக்குள் மண்டையோடு வரைந்த பலகை தெரிகிறது.

அவர் கயிற்றைச் சுற்றுகிறார். பத்தாவது பிள்ளையைத் தூக்கி வந்து கிணற்றுக்கட்டின் நிழலில் சாய்க்கிறார். மனைவி இன்னொரு போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரை அதன் அடியில் ஊற்றுகிறாள்.

தூரத்தில் விசில் ஊதுகிறது. நீல அங்கிகள் மறுபடி முழங்காலில் அமர்கின்றன.